கறுப்புச் சட்டையில் நான்கு கொக்கிகள்

என் கை சும்மா இராது. அடுத்தவர் உடுப்பில் ஒரு நூல் தொங்கினாலும் அறுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். அந்தக் கை செய்த ஒரு காரியத்தை எழுத எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது.

கனடாவின் ஸ்காபரோவில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் நான் வேலை செய்கிறேன். பக்கத்து மெஷினில் இருப்பவள் மொங் இனத்துப் பெண். லாவோஸிலிருந்து தாயோடு அகதியாக வந்தவள். நாங்கள் இருவரும் பேசுவது உடைந்த ஆங்கிலம். அதை இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன். போன பனிக்காலத்தில், ஆஸ்பத்திரியிலிருந்த தாய் இனித் தேறமாட்டார் என்று தெரிந்ததும், அவள் ஒரு பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

உள்ளே தாய் புதுவருடத்துக்கு உடுக்கும் கறுப்புச் சட்டை. கழுத்துப்பட்டியிலும் கைகளிலும் கண் கூசுமளவுக்கு ஊசிவேலை. நத்தை ஓடுபோலச் சுருண்ட கோலத்தில் விரல் வைத்துக் காட்டினாள். நடுவில் இருப்பது முன்னோராம், சுற்றி வருவது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாம். செத்துப் போனவரை முன்னோர் இந்த உடுப்பை வைத்துத்தான் தங்கள் ஆள் என்று அடையாளம் காண்பார்களாம். ஓரமெல்லாம் வெள்ளிக் காசுகள். புதுவருடத்தன்று அம்மா நடந்தால் வீடு முழுக்கக் கிலுகிலுக்கும் என்றாள்.

"இந்தக் காசெல்லாத்தையும் கழட்டித் தா. எனக்குக் கை வருகுதில்லை."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது என்ற நினைப்பு. எங்கள் ஆட்களும் பிரேதத்திலிருந்து நகையைக் கழற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துவைப்பார்கள்தானே. அதுதான் இதுவும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சட்டையை விரித்து, ஒவ்வொரு காசாகப் பிரித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். காசு போனதும் சட்டை வெறுமையாகக் கிடந்தது. பொத்தானும் இல்லை, கொக்கியும் இல்லை. முன்பக்கம் இரண்டாக விரிந்தது.

"உது ஆற்றை சட்டை?" என்று கேட்டார் கணவர். பக்கத்து மெஷின்காரியின் தாயுடையது என்றேன்.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் என் அம்மா இறந்தபோது செத்தவீட்டை நான் கைபேசியில்தான் பார்த்தேன். யாரோ அவசரத்தில் உடுத்திவிட்ட சேலை விலகி, பிளவுஸ் சரியாகப் பூட்டாமல் தெரிந்தது. சரிசெய்யுங்கோ என்று நான் இங்கே கத்தியது அங்கே ஒருவருக்கும் கேட்கவில்லை. இந்தத் தாய்க்கும் அப்படி ஆகக்கூடாது என்று, மடிப்புக்குள் வெளியே தெரியாமல் நான்கு கொக்கிகளையும் அவற்றை மாட்ட நூல் வளையங்களையும் வைத்து, இரட்டை நூலில் தைத்தேன். சொல்லாமல் செய்த உதவி என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

சட்டையையும் டின்னையும் அவளிடம் கொடுத்து மூன்றாம் வாரம் தாய் இறந்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலைக்குக் கணவரும் நானும் போனோம். மேளமும் ஒருவகை மூங்கில் குழலும் ஓயாமல் ஒலித்தன. பெட்டிக்குள் தாய் அந்தச் சட்டையோடு படுத்திருந்தார். உடுத்திவிட்ட மலர்ச்சாலை ஆட்கள் என் கொக்கிகளைப் பூட்டியிருந்தார்கள், முன்பக்கம் நேராகப் பொருந்தியிருந்தது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். "ஒரு ஊசிகூட இருக்கக்கூடாது. உலோகம் இருந்தால் உயிருக்குப் போற வழியெல்லாம் பாரமாகிடும், திரும்பிப் பிறக்கவும் ஏலாது. அதுதான் காசையெல்லாம் கழட்டச் சொன்னனான்."

நான் வைத்த கொக்கிகள் நான்கும் உலோகம். வெளியே கார்த் தரிப்பிடத்தில் நின்ற கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பேசாமல் இரும். ஆருக்குத் தெரியப் போகுது? சொன்னால் அந்தப் பிள்ளைக்குத்தான் இன்னும் வேதனை."

"எனக்குத் தெரியுமே," என்றேன்.

பெட்டியை மூடிவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. திரும்பிப் போய் அவளை ஒரு மூலைக்கு அழைத்துச் சொன்னேன். அவள் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை.

"எத்தினை?"

"நாலு."

"நீயே எடு."

கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னக் கத்தரிக்கோலோடு குனிந்தேன். நான் தைத்தது இலகுவில் அறாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அன்றைக்கு அந்த இரட்டை நூலைச் சபித்தேன். ஒவ்வொரு கொக்கியையும் பிரிக்க அந்த அம்மாவின் நெஞ்சில் என் கையை ஊன்ற வேண்டியிருந்தது. நெஞ்சு சில்லிட்டுக் கிடந்தது. மன்னியுங்கோ அம்மா, மன்னியுங்கோ அம்மா என்று தமிழில் சொல்லிக்கொண்டே பிரித்தேன்.

நான்கையும் அவளிடம் கொடுத்தேன். அவள் எண்ணினாள். பிறகு தன் விரலால் மடிப்பை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தாள், இன்னொரு தரமும் பார்த்தாள். இனி என்னை அவள் நம்பத் தேவையில்லை என்று எனக்கும் தெரியும்.

சட்டை பழையபடி விரிந்தது. அவள் ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்தின்மேல் படியவைத்து, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த இடுப்புத் துணியை எடுத்து ஒரு நுனியை என்னிடம் நீட்டினாள். இருவருமாக இழுத்துக் கட்டினோம். சட்டை அழகாக மூடிக்கொண்டது. கொக்கியே தேவைப்படவில்லை. எத்தனையோ தலைமுறையாக இப்படித்தான் மூடியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. இரண்டு வருடமாக வராத அழுகை, அம்மாவுக்கு அழாத அழுகை, அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பெருஞ்சத்தமாக வந்தது. அவளுடைய உறவினர் நான் யார் என்று கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார்கள்.