பந்து வளவுக்குக் கட்டிய வெள்ளைத் துணி

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஆறு பேருடைய தொழிலைக் கேட்டால் ஒரு சொல்லில் சொல்லிவிடுவேன். கடைசி மகனுக்குத்தான் விளக்கம் வேண்டும். அவன் கூடைப்பந்து விளையாடினான். அது சரி, உத்தியோகம் என்ன என்று கேட்பார்கள். அதுதான் உத்தியோகம் என்று நிமிர்ந்து சொல்வேன்.

கொழும்பில் ஒரு கம்பனி சம்பளம் கொடுத்து அவனைத் தன் அணிக்கு எடுத்தது. பிறகு மாலைதீவில் ஒரு கழகம் கூப்பிட்டது. அவன் எம்பிப் பந்தைக் கூடைக்குள் போட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் மீன் ஆணம் அடிப்பிடித்துப் போனது. அன்றைக்கு வீட்டில் யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

முழங்கால் தேய்ந்ததும் ஊருக்கு வந்து பயிற்றுநரானான். பொடியன்களுக்குப் பழக்க ஆள் இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்குத்தான் இல்லை என்று ஓர் அணி சேர்க்கப் புறப்பட்டான். வந்தது அவனுடைய மகள் மட்டும். பந்து விளையாடும் வளவு றோட்டோரம், குமர்ப் பிள்ளைகள் ஓடுவதைப் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான் என்று மற்ற உம்மாமார் மறுத்துவிட்டார்கள். கொழும்புப் பள்ளிக்கூடம் ஒன்றும் பயிற்சி கொடுக்க அவனை வரச் சொல்லிக்கொண்டிருந்தது. நோன்புக்கு முன் அணி சேராவிட்டால் பெண்சாதி பிள்ளையோடு போய்விடுவேன் என்றான். அன்றைக்குப் பேத்தி சோறு தின்னவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

எங்கள் பக்கம் கலியாணம் என்றால் வளவைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டுவோம். உள்ளே பெண்கள் ஆறுதலாக இருப்பார்கள். மகள்மாரின் கலியாணத்துக்குக் கட்டியதெல்லாம் அலுமாரிக்கு மேலே கிடந்தது. அதை இறக்கி, மகள்மாரைக் கூட்டிக்கொண்டு போய், பந்து வளவின் கம்பிவேலி முழுக்கக் கட்டினேன். மகன் தலையைச் சொறிந்தான். நீ பந்தைப் பழக்கு, மறைப்பு என் பொறுப்பு என்று வாசலில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம்தான் பிழை நடந்தது. றோட்டால் போனவர்களுக்குத் துணி தெரிந்தது. உள்ளே என் மகள்மாரின் சிரிப்புக் கேட்டது. கலியாண வீடு என்றே எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் என் மச்சி, புருசனின் தங்கச்சி, புதுச் சாரி உடுத்து, தட்டில் தொதல் இனிப்போடு வந்து நின்றாள். முகம் உப்பியிருந்தது.

"சொல்லாமக் கொள்ளாமக் கலியாணமா மச்சி? பொண்ணு எங்க?"

"அந்தா ஓடுறாள், பாருங்க."

முக்காடும் நீளக் கைச்சட்டையுமாகப் பேத்தி ஓடி வந்து பந்தைப் போட்டாள். அது கூடையின் வளையத்தில் சுற்றிச் சுற்றி உள்ளே விழுந்தது. மச்சி தொதலை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். தனியாகவா விளையாடுகிறாள் என்று கேட்டாள். சேர ஆளில்லை என்றேன்.

"என்ட பேத்தி இவளவிட உசரம்," என்றாள் ரோசத்தோடு.

"உசரம் இருந்து என்ன, வீட்டுக்குள்ள ஒட்டடை அடிக்கத்தானே."

மச்சி எழுந்து போனாள். தொதலையும் கொண்டு போய்விட்டாள். ஆனால் மறுநாள் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்கும் ஒரு கதிரையோடு வந்தாள். அதற்குப் பிறகு அவளுடைய வாய்க்கு வேலை வந்தது. எந்த வீட்டில் உயரமான பிள்ளை இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். நோன்பு தொடங்க முன்பே அணி சேர்ந்துவிட்டது. உம்மாமார் துணிக்குள்ளே இருந்து நடுவருக்கு ஏசவும் பழகிவிட்டார்கள். கொழும்புக்கு வரவில்லை என்று மகன் என் முன்னாலேயே போனில் சொன்னான்.

சம்மாந்துறையில் முதல் போட்டி. தோற்றோம். போன கிழமை அவர்களை இங்கே கூப்பிட்டு வென்றோம்.

எழுத்துக் கூட்டித்தான் எழுதினேன், கை வலிக்கிறது. பேத்தி இப்போதுதான் பயிற்சி முடிந்து வேர்வையோடு வந்து நிற்கிறாள். அவளையும் மகள் என்றுதான் கூப்பிடுவேன்.

"மகள், முகத்தக் கழுவிப்போட்டு வந்து இத எனக்கு வாசிச்சுக் காட்டு. உன்ட வாப்பாவப் பத்தி எழுதின இடத்த மட்டும் ரெண்டுதரம் வாசி."