கூட்டிய வேகம், மூடிய ஜன்னல்

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் எங்களுக்கென்று இருந்த ஒரே பெரிய பொருள் கம்பியூட்டர்தான். கட்டில்கூட வீட்டுச் சொந்தக்காரருடையது. கண்டி நகரத்திலிருந்து ஹந்தானைப் பக்கம் ஏறும் ஒழுங்கையொன்றில் ஒரு மாடி அறையும் சமைக்கச் சின்னக் குசினியும் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தன. நான் டவுனில் ஒரு தனியார் வகுப்பில் கம்பியூட்டர் படிப்பித்தேன். என் கணவர் ஒரு கம்பனியில் கணக்கு எழுதினார். அவர் யாழ்ப்பாணம், நான் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். இரண்டு ஊரையும் சேர்த்துச் சொன்னால், யாழ்ப்பாணத்தார் தோட்டத்தில் பெண் எடுப்பார்களா என்று கேட்பவர்கள் யோசிப்பார்கள். யோசிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

மலிவான புரொசஸரை வாங்கி, அதை விலை கூடியதன் வேகத்துக்கு ஓட வைக்கலாம் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. கம்பியூட்டர் எழும்பும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் நீல நிறத்தில் ஒரு பக்கம் வரும். அங்கே வேகத்துக்கான எண்ணைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, மறுபடி எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பினால் இன்னும் கொஞ்சம். ஒரு கட்டத்தில் அது முரண்டு பிடிக்கும். அப்போது மின்னழுத்தத்தை ஒரு துளி ஏற்றிக் கொடுத்தால் சமாதானமாகிவிடும். ஆனால் மின்னழுத்தம் ஏறினால் சூடும் ஏறும். சூடு அளவு மீறினால் உள்ளே கணக்குப் பிழைத்து, திரை அப்படியே உறைந்து, அதுவரை செய்த வேலையெல்லாம் போய்விடும். ஆக, வேகம் வேண்டுமென்றால் சூட்டோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

டவுனில் உதிரிப்பாகம் விற்ற முஸ்லிம் அண்ணன், நானா என்று கூப்பிடுவோம், அவர்தான் புரொசஸரின் தலையில் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் பெரிய செப்புத் தகட்டுக் கட்டியொன்றை எனக்குத் தேடி எடுத்துத் தந்தார். இரண்டுக்கும் நடுவே பூசும் வெள்ளைப் பசையையும் தந்தார்.

“பல்லு வெளக்குற மாதிரி அள்ளிப் பூசிராதீங்க தங்கச்சி, ஒரு பருக்கை போதும். பொறவு கருகிச்சுன்னா இங்க தூக்கிட்டு வந்துராதீங்க” என்றார்.

கருகவில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்த ஒரே மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். புரொசஸரை மூச்சுவிடாமல் கணக்குப் போட வைக்கும் சோதனைப் புரோகிராம் ஒன்றைக் காலையில் ஓடவிட்டு வகுப்புக்குப் போனேன். பின்னேரம் மழையில் நனைந்து ஓடிவந்து பார்த்தால் அது ஒரு பிழையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக மலைக்காற்று நேரே வந்து விழுந்தது. எனக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“எனக்கு வேர்த்தா ஃபேன் இல்லை. உதுக்கு மட்டும் ராசமரியாதை” என்றார் அவர்.

இதெல்லாம் போரால் யாழ்ப்பாணப் பாதை மறுபடி மூடப்பட்டிருந்த காலம். எங்கள் கல்யாணத்துக்கு அவருடைய அம்மாவால் வர முடியவில்லை. நான் அவரை நேரில் கண்டதேயில்லை, அவரும் என்னைக் கண்டதில்லை. போன் கிடைத்தால் மகனிடம் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்பதுதான். அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் இராணுவச் சுற்றிவளைப்பொன்றில் இவரைக் கொண்டுபோய் வைத்திருந்து, விசாரித்து, விட்டார்கள். வெளியே வந்தபோது உடம்பு பாதியாகியிருந்ததாம். அது எப்படியோ அம்மாவின் காதுக்கு எட்டிவிட்டது. இவர் சாப்பிட்டேன் என்பார், அம்மா நம்பமாட்டார். என்னோடு இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசுவார். தோட்டத்துப் பெண் ஒருத்தி மகனை மடக்கிவிட்டாள் என்று நினைக்கிறாரோ என்று எனக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. கல்யாண வீடியோவைப் பார்த்தாலாவது என்னைக் கொஞ்சம் பிடித்துப்போகாதா என்று ஏங்கினேன்.

அடுத்த ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் யாழ்ப்பாணம் போக அனுமதிக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தார். திடீரென்று விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது. நாளைக்குப் பின்னேர ரயிலில் கொழும்புக்குப் போகிறேன், மதியத்துக்குள் கல்யாண வீடியோவை சீடியில் தந்தால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். அதைவிட்டால் வேறு ஆள் எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

கசெட்டிலிருந்த படத்தை நான் ஏற்கனவே கம்பியூட்டரில் ஏற்றியிருந்தேன். அதை சீடியில் பார்க்கிற மாதிரி மாற்றுவதுதான் மிச்சம். புரொசஸருக்கு மணிக்கணக்கில் வேலை அது. கூட்டிய வேகத்தில் மதியத்துக்குள் முடியும், பழைய வேகத்தில் பாதிகூட வராது. மறுநாள் காலையில் எழும்பியவுடன் வேலையைக் கொடுத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது திரை உறைந்திருந்தது. மறுபடி எழுப்பி முதலிலிருந்து ஆரம்பித்தேன். முன்னதைவிடச் சீக்கிரமே உறைந்தது.

ஒரு நாள் முழுக்கச் சோதித்த மெஷின் இது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தகட்டுக் கட்டியில் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தேன். நல்லாச் சுட்டது. அப்போதுதான் அறையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லா ஜன்னலும் பூட்டியிருந்தது.

முதல் நாள் கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. அன்று விடிய எங்கள் ஒழுங்கையின் கீழே ஜீப்புகள் வந்து நின்றன, சுற்றிவளைப்பு. அப்படியான காலையில் எங்கள் ஆட்கள் வீடுகளில் செய்கிற காரியங்களை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவது, ரேடியோவை அடக்குவது, அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வது. அவர் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். சூட்டைப் பற்றி அவ்வளவு யோசித்த நான், ஜன்னல் பூட்டிக்கிடக்கும் நாளை யோசிக்கவேயில்லை. காற்றே இல்லாத அறையில் ஃபேன் அதே சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது.

“ஜன்னல் சாத்தினதாலதான் நிக்குது” என்றேன். திறக்கச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் எழும்பிப் போய்த் தானே ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றார்.

“ஒளிச்சு நிக்கிற மாதிரி இருக்கக் கூடாது. நீர் உம்மடை வேலையைப் பாரும்” என்றார்.

காற்று வந்தது. சூட்டைக் காட்டும் எண் இறங்கத் தொடங்கியது. நான் மூன்றாம் முறை ஆரம்பித்தேன், மெஷின் சமத்தாக ஓடியது. கீழே சிங்களத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும் வீட்டுக் கதவுகளைத் தட்டும் சத்தமும் கேட்டன. நான் திரையைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு கை, அட்டை இருந்த சட்டைப் பையை விட்டு எடுபடவேயில்லை. அதைக் கண்டவுடன் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

“ஏன்? ஓடுதுதானே?”

“ஓடுனது போதும்.”

மெஷினை நிறுத்தி, நீலப் பக்கத்துக்குப் போய், எல்லா எண்களையும் வாங்கியபோது இருந்தபடியே இறக்கி வைத்தேன். இனி அது எந்தச் சூட்டிலும் நிற்காது, நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். இருக்கிற நேரத்தில் கொஞ்சம் படம்தான் போகும், எந்தத் துண்டு என்பதுதான் கேள்வி.

“தாலி கட்டுறதைப் போடும். அதுதானே கலியாணம்” என்றார்.

“தாலி கட்டுறப்ப நீங்க குனிஞ்சிட்டீங்க. ஐயரோட முதுகு மட்டுந்தான் தெரியுது. ஒங்கம்மா அதையா பாக்கணும்?”

நான் பந்தியைத் தேர்ந்தெடுத்தேன். அதில் நான் அவ்வளவாக இல்லை, ஓரத்தில் ஒரு தோளும் மாலையும்தான். அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து முகம் முழுக்கத் தெரியச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். போதும் போதும் என்று அவர் கையால் மறிக்க மறிக்க, என் அம்மா அந்தக் கைக்கு மேலேயே பருப்பை ஊற்றுவார். அதை ஓடவிட்டுவிட்டு நாங்கள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். ஆமிக்காரர் இருவர் மேலே வந்து அட்டைகளைப் பார்த்தார்கள். வயிறு திறந்து கிடந்த கம்பியூட்டரைக் காட்டி என்னவென்று கேட்டார்கள். கல்யாண வீடியோ என்று சிங்களத்தில் சொன்னேன். போய்விட்டார்கள். மதியம் தபாலதிபர் கையில் சீடியைக் கொடுத்தேன்.

அதன்பிறகு பல நாள் போன் இல்லை. வந்தபோது நான்தான் எடுத்தேன். அவருடைய அம்மா, என் மாமி. பக்கத்து வீட்டில் டீவிக்கு முன்னால் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்களாம். தாலி எங்கே, கட்டினதோ இல்லையோ என்று சொந்தக்காரர் குடைந்தார்களாம். சுற்றிவளைப்பைப் பற்றி அந்தக் காலத்தில் போனில் பேச முடியாது.

“மெஷின் சூடாயிருச்சு மாமி, அதான் முழுசா அனுப்ப முடியல” என்று இழுத்தேன்.

“அது கிடக்கட்டும் பிள்ளை. தாலி கட்டினதெண்டு நீர் சொன்னா நான் நம்புவன். அவன் சாப்பிடுறன் எண்டு எத்தினை தரம் சொன்னவன், நான் ஒருநாளும் நம்பேல்லை. இப்ப என்ரை கண்ணாலை பாத்திட்டன்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “மறிக்க மறிக்க ஊத்தினது உங்கட அம்மாவோ?” என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அழுதுவிட்டேன். போனை அவரிடம் நீட்டினேன்.

“ஓம் அம்மா” என்றார் அவர். “சாப்பிட்டனான்.”