ரஞ்சினி அக்கா ஒளிக்காமல் சொன்னது

ரஞ்சினி அக்கா இன்று விடிய இறந்துவிட்டார்.

பழைய ஸ்டாஃப் குரூப்பில் மெசேஜ் வந்தது. மார்பகப் புற்றுநோய் என்று எல்லோருக்கும் தெரியும்... தெரிந்தும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இப்போது வேலை செய்யும் கந்தோரில் கதிரையை விட்டு எழும்புகிறேன், நடக்கிறேன், திரும்ப வந்து போனைப் பார்க்கிறேன்.

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ஒன்றாக வேலை செய்தோம். நான் ரிசெப்ஷன், அவர் ரெஸ்டோரண்ட் சூப்பர்வைசர்.

வேலை முடிந்து போகும் முன் ஒரு கிளாஸ் வைன் குடிப்பார். ஒளித்துக் குடிப்பதில்லை. யாராவது குசுகுசுத்தால் சிரித்துக்கொண்டே கிளாசைக் கழுவி வைப்பார்.

சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ சொல்லிக் கொடுத்தார்களாம். அவரும் நம்பினார். நாங்களும்தான்.

பிறகு மார்பில் கட்டி...

டவுனில் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். அவருடைய கணவர் சிவா அண்ணைதான் தன்னுடைய ஓட்டோவில் கூட்டிப்போனார். அண்ணை ஒரு சொட்டும் தொடாத மனிதர்.

டொக்டர் ஒவ்வொன்றாக விசாரித்தார். குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா, எத்தனை பிள்ளைகள்... குடிப்பழக்கம் உண்டா என்பதைப் பேருக்குத்தான், நிமிராமலே கேட்டார்.

"ஓம் டொக்டர், குடிக்கிறனான்," என்றார் அக்கா.

டொக்டர் நிமிர்ந்தார். திட்டவில்லை, பொறுமையாக விளக்கினார். மது மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். வைன், பியர், சாராயம் எதுவானாலும் ஒன்றுதான். கொஞ்சம் குடித்தாலும் கொஞ்சம் கூடும், அதிகம் குடித்தால் இன்னும் கூடும். ஆனால் உங்களுக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, தொட்டே பார்க்காதவர்களுக்கும் வருகிறது என்றார்.

திரும்பும்போது உப்புவெளி தாண்டியதும் அண்ணை ஓட்டோவை ஓரமாக நிறுத்தினார்.

"நான் ஒருநாளாவது வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டன். வண்டிய எடுங்கோ."

ஒபரேஷன், மருந்து எல்லாம் முடிந்து, தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். வந்த அன்றே சாப்பாட்டு நேரத்தில் பெண் பிள்ளைகளை இருத்தி வைத்து, டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். தான் குடித்ததையும் சேர்த்து...

அப்படியென்றால் நாங்களும் விட வேண்டுமா என்று ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நான் விடச் சொல்லேல்ல பிள்ளை. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல, அதாலதான் சொல்றன். தெரிஞ்சுகொண்டு முடிவெடுங்கோ. கட்டி கிட்டி கண்டால் வெக்கத்தில பேசாமல் இருந்திடாதேங்கோ."

அடுத்த கிழமையே இரண்டு பேர் கிளினிக்குக்குப் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அக்காவுக்குத்தான் திரும்ப வந்தது. இந்த முறை எலும்பில்.

இன்று அந்த மெசேஜுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்... குடிச்சவதானே என்று. அவ்வளவுதான்.

பதில் எழுதுகிறேன், அழிக்கிறேன், திரும்ப எழுதுகிறேன். அவர் குடித்தது உண்மை. டொக்டர் சொன்னதும் உண்மை. ஆனால் இப்படி எழுத...

கடைசியில் எதையும் போடாமல் சிவா அண்ணைக்குக் கோல் எடுத்தேன். அவரும் அதைப் பார்த்துவிட்டாராம்.

"அதை விடு பிள்ளை. அவவுக்குச் சீலை உடுத்த வேணும். அந்த ஒபரேஷன் தழும்பைக் கண்ட கண்ட ஆக்களும் பாக்கக் கூடாதாம். உன்னைத்தான் கூப்பிடச் சொன்னவ."

லீவு சொல்லிவிட்டேன்.

வாறன் அக்கா...