கடையில் வாங்கிய காட்டுப் பை

கயல், தம்பி, இப்போது காட்டில் தங்கிப் பழகுவதற்கென்றே கடையில் பை விற்கிறார்கள். கத்தி, கயிறு, உரசினால் பொறி பறக்கும் கம்பி எல்லாம் அதற்குள் இருக்கும். எல்லாரும் வாங்குகிறார்களே என்று நானும் வாங்கி, உங்களைப் பாலையூற்றுக்கு அப்பால் இருக்கிற காட்டுக்குக் கூட்டிப்போனனான்.

அன்று மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடித்தது. கடலுக்குப் போகிற எனக்கு அந்தக் காற்றின் வேகம் தெரியாமலில்லை. ஆனாலும் கம்பியை உரசிக் காட்டுகிற ஆசையில் காய்ந்த புல்லருகே நெருப்பு மூட்டினேன். அது தம்பி நித்திரை கொண்ட கூடாரத்தை நோக்கி ஓடியது. கயல், நீதான் அவனை வெளியே இழுத்தாய். நான் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தேன்.

“இவ்வளவு சாமான் இருக்கு, ஒரு வாளி இல்லையாப்பா?” என்று கேட்டாய்.

இனியும் போவோம். கச்சான் காலத்தில் மட்டும் நெருப்பில்லை, பாணும் பிளாஸ்கில் தேத்தண்ணியும்தான்.

அன்று உங்களை வீட்டில் விட்டபின் நான் தனியே திரும்பிப் போனனான். கருகின இடத்தில் தண்ணீர் ஊற்றி, மண் குளிரும்வரை கையை வைத்துப் பார்த்தேன்.