ஹாக்கெட் வம்சத்தின் மூத்த பேத்தி

செத்தவர்களின் சொந்தக்காரரைத் தேடிப் பிடிப்பதுதான் ரிஷானியின் தொழில். சுவிஸில், ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பல்வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். உயில் எழுதாமல், பிள்ளைகுட்டி இல்லாமல் யாராவது செத்துப்போனால் கோப்பு அங்கே வரும். வாரிசு யாரென்று கண்டுபிடித்து, அதற்குரிய பத்திரங்களைத் திரட்டி நீதிமன்றத்துக்குக் கொடுப்பார்கள். சரித்திரம் படித்த பெண்ணுக்கு என்ன வேலை கிடைத்தது என்று கேட்கிறவர்களுக்கு அவளுடைய தாய் ஞானேஸ்வரி, "சொத்துப் பிரிக்கிற கந்தோரில நிக்கிறாள்" என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள்.

போன வருடம் மாசி மாதம் ஒரு கோப்பு அவளுடைய மேசைக்கு வந்தது. முடிந்த கோப்பு. அவளுடைய முதலாளி திருமதி புறுன்னரே பார்த்து முடித்தது. பத்திரங்களை ஒழுங்காக அடுக்கி அனுப்பவேண்டியது மட்டுமே பாக்கி. டாவோஸில் ஆர்தர் வாட்லிங் என்ற ஆங்கிலேயக் கிழவர் செத்திருந்தார். நெஞ்சு வருத்தத்துக்கு மலைக்காற்று நல்லதென்று சிறுவயதில் தாய் எமிலி அவரை அங்கே கூட்டிவந்தவள். பிறகு தாயும் மகனும் திரும்பிப் போகவேயில்லை. அவருக்குக் கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஊருக்கு மேலே சரிவில் ஒரு மரவீடு இருந்தது. அது எமிலியின் தம்பி மகனுக்குப் போகவேண்டும். அவர் பத்து வருடமாக அந்த வீட்டிலேயே குடியிருந்தார். பெயர் லெஸ்லி ஹாக்கெட். இளைப்பாறிய ஹொட்டேல் மனேஜர்.

ரிஷானி அந்த வரியை இரண்டாம் முறை வாசித்தாள்.

அவளுடைய அப்பா இராஜசிங்கம் எண்பத்தொன்பதாம் ஆண்டு டாவோஸில் ஒரு பெரிய ஹொட்டேலில் கோப்பை கழுவியவர். நத்தார்க் கிழமையில், கிறிஸ்மஸ் கூட்டத்துக்கு நடுவில், ஒரு விருந்தாளியின் கையில் கட்டும் மணிக்கூடு காணாமல் போனது. வேலை செய்த அத்தனை பேரிலும் மனேஜர் அப்பாவை மட்டும் கூப்பிட்டார். சமையலறைக்குப் பின்னால், பனி கொட்டிக்கொண்டிருந்த முற்றத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, உள்ளுடுப்பு வரைக்கும் கழற்ற வைத்தார். அடுத்த நாள் மணிக்கூடு அந்த விருந்தாளியின் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. மன்னிப்பு இல்லை. வேலையும் போனது. விருந்தாளிகளுக்குச் சங்கடமாக இருக்குமாம். பொலிசுக்குச் சொன்ன முறைப்பாடு மட்டும் அழியவில்லை. அது அப்பாவின் அகதிக் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விசா வருடக்கணக்காக இழுபட்டது. ஞானேஸ்வரி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அவருக்காகக் காத்திருந்தாள். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் ரிஷானிக்குத் தெரியும். அப்பா வாய் திறந்ததில்லை.

அன்று பின்னேரம் அவள் பெற்றோர் வீட்டுக்குப் போனாள். அப்பா ரயில் பெட்டி துப்புரவாக்கும் வேலை முடிந்து வந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, டாவோஸில உங்கட மனேஜரின்ர பேர் என்ன?"

"லெஸ்லி ஹாக்கெட்." ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நேற்றுக் கேட்ட பெயர்போலச் சொன்னார். "ஏன்? செத்திட்டானோ?"

"இல்லை. அவருக்கு ஒரு வீடு கிடைக்கப்போகுது."

"ஆரால?"

"என்னாலதான்."

அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார். "கிடைக்காமல் பண்ண ஏலாதோ?"

"என்னப்பா கதைக்கிறியள்?" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து சத்தம் போட்டாள்.

"பொய் எழுத ஏலாதப்பா," என்றாள் ரிஷானி.

"நான் பொய் எழுதச் சொன்னனானோ? வடிவாத் தேடிப் பார் எண்டுதான் சொல்லுறன்."

வடிவாகத் தேடினால் என்ன கிடைக்கக்கூடும் என்று அவளுக்குத் தெரியும். சுவிஸ் சட்டத்தில் செத்தவரின் தாய் தகப்பனுக்குப் பிறந்த வழியில் ஒரே ஒரு ஆள் உயிரோடு இருந்தாலும் போதும், மச்சான் முறைக்காரனுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஆர்தரின் தகப்பனோ தாயோ வேறெங்காவது ஒரு பிள்ளை பெற்றிருந்தால் லெஸ்லி ஹாக்கெட் வெளியே.

முடித்த கோப்பை முடியவில்லை என்று திருமதி புறுன்னரிடம் சொன்னாள். தாய் வழியை இன்னும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

வழிகாட்டியவர் ஹாக்கெட்தான். தன் குடும்ப மரத்தை அழகாக வரைந்து அவரே கோப்புக்கு அனுப்பியிருந்தார். கிழக்கு இங்கிலாந்தில், நோர்போக் பக்கம் ஒரு சின்னக் கிராமம். முந்நூறு வருடமாக அதே ஊர், அதே பண்ணை, அதே கிறிஸ்தவக் கோயிலில் தர்மகர்த்தா மாதிரி ஒரு பதவி. ஒவ்வொரு பெயருக்கும் பிறந்த திகதி, ஞானஸ்நானத் திகதி. எமிலியின் கிளையில் மட்டும் ஆர்தர் என்ற ஒரே இலை.

சித்திரையில் அவள் லீவு போட்டுவிட்டு அந்தக் கிராமத்துக்குப் போனாள். வயலுக்கு நடுவே கோயில், சுற்றிக் கல்லறைகள், பாதிக் கல்லில் ஹாக்கெட் என்ற பெயர். கோயில் பொறுப்பாளர் ஒரு நல்ல மனிதர். அலுமாரியைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணியும் கொடுத்தார். இளம் பெண்ணாக இருந்தபோது எமிலி ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறாள். வாராவாரம் பிள்ளைகளின் வரவைப் பதியும் புத்தகத்தில் அவளுடைய கையெழுத்து இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு குளிர் தொடங்கியதும் அது நின்றுவிட்டது. அடுத்த கோடையில் திரும்பவும் வந்தது. ஒரு பெண்பிள்ளை குளிர்காலம் முழுக்க எங்கே போயிருப்பாள்?

அதற்குப் பிறகு ரிஷானி மாவட்டத் தலைநகரில் இருந்த ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, சுற்றுவட்டாரத்துக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கண் எரிந்தது. மூன்றாவது ஊரின் புத்தகத்தில், வைகாசி மாதத்தில், அது இருந்தது. பிள்ளையின் பெயர் ஐவி. தாய் எமிலி ஹாக்கெட், கலியாணமாகாதவள். தகப்பனின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு.

ரிஷானி உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அடித்தாள். எதிரே இருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அகப்பட்டாய் என்பதுதான் அவளுடைய மனதில் ஓடியது. வேறொன்றும் ஓடவில்லை.

ஊர் நிறைய ஹாக்கெட்டுகள் இருந்தபடியால் வேறொரு எமிலி என்று யாராவது சொல்லலாம். பிறப்புச் சான்றிதழை எடுப்பித்தாள். தாயின் விலாசமாக அதே பண்ணை எழுதியிருந்தது. பிள்ளையை அந்தப் பண்ணையில் மாடு பார்த்தவனின் குடும்பம் வளர்த்திருந்தது. சட்டப்படி தத்துக் கொடுக்கவில்லை. ஐவி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே செத்திருந்தாள். ஒரு மகள் இருந்தாள். பெயர் ஜோன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள்.

ஜோனுக்கு எழுபத்தொரு வயது. ரிஷானி தேடிப்போய்ச் சொன்னதைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டாள். எதுவும் அவளுக்குப் புதினமாக இருக்கவில்லை.

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும்," என்றாள். "பத்தொன்பது வயதில் அந்தப் பண்ணைக்காரரின் வீட்டுக்குப் போனாள். தன்னைப் பெற்றவள் எங்கே இருக்கிறாள் என்று மட்டும்தான் கேட்டாளாம். எமிலியின் தம்பி நாயை அவிழ்த்துவிட்டான். அந்தக் கடித் தழும்பு சாகும்வரைக்கும் அம்மாவின் காலில் இருந்தது."

அந்தத் தம்பிதான் லெஸ்லியின் தகப்பன் என்று ரிஷானி சொன்னாள்.

"தெரியும். லெஸ்லி அப்போது கைக்குழந்தை. அவனில் பிழையில்லை." ஜோன் கோழிகளுக்குத் தீன் எறிந்தாள். "வீடு எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தான்."

"அப்படியென்றால் அவனை வெளியே போகச் சொல்லுங்கள்."

தன் அப்பாவின் கதையை ரிஷானி அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே இருவரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

ஹாக்கெட்டுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும். ரிஷானி நேரே போனாள். அப்பாவும் வெளிக்கிட்டார். கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டு, தாடி மழித்து, சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டிருந்தார். மலை ஏறும் ரயிலில் ஒரு ஜெர்மன் வசனத்தை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். சின்ன வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லப் போகும்போது செய்வதைப்போல.

ஹாக்கெட் நிமிர்ந்த முதுகோடுதான் இருந்தார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சுவரில் அந்தக் குடும்ப மரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ரிஷானி பத்திரங்களை மேசையில் வைத்தாள். அவர் வாசித்தார். காது சிவந்தது.

"எவளோ ஒரு வேலைக்காரியின் கள்ளப் பிள்ளை," என்றார்.

"வேலைக்காரியில்லை. உங்களுடைய சொந்த மாமி."

"எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்று நடக்காது."

"நடந்ததை உங்கள் பக்கத்து ஊர்க் கோயிலே எழுதி வைத்திருக்கிறது."

அவர் அப்பாவின் பக்கம் கையைக் காட்டினார். "இந்த ஆள் யார்?"

அப்பா எழுந்து நின்றார். "எண்பத்தொன்பதாம் ஆண்டு நீங்கள் என்னை முற்றத்தில்..." என்று ஜெர்மனில் தொடங்கினார். ஹாக்கெட் குறுக்கிட்டார். முற்றம் என்ற சொல்லுக்கு முன்னால் வரும் சொல் பிழை என்று திருத்தினார். தானும் வெளிநாட்டான்தான் என்பது அந்த மனிதருக்கு ஒருநாளும் தோன்றியிருக்காது. அப்பா திருத்திய மாதிரியே சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். உடுப்பு, பனி, மணிக்கூடு, கட்டில். ஒன்றையும் விடவில்லை. குரலும் உயரவில்லை.

ஹாக்கெட் உற்றுப் பார்த்தார். "எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். எனக்கு ஒருவரையும் நினைவில்லை."

அது நடிப்பில்லை. உண்மையாகவே நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்பா உட்கார்ந்தார். கோப்பையை எடுத்து, ஆறிப்போன தேத்தண்ணியை மிடறு மிடறாக, ஒரு அவசரமும் இல்லாமல் குடித்தார். ஹாக்கெட் எழுந்து கதவடியில் நின்றார். அப்பா குடித்து முடிக்கும்வரை நிற்கத்தான் வேண்டியிருந்தது.

"நினைவில்லாட்டிப் போகட்டும்," என்று வெளியே வந்ததும் தமிழில் சொன்னார். "இண்டைக்கு வந்த ஆளை இனி மறக்கமாட்டான்."

ஹாக்கெட் சும்மா இருக்கவில்லை. அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினார். திருமதி புறுன்னர் ரிஷானியைக் கூப்பிட்டார்.

"உங்களுடைய அப்பாவின் விஷயத்தை முதலே சொல்லியிருக்கவேண்டும்."

"சொல்லியிருந்தால் கோப்பை என்னிடமிருந்து வாங்கியிருப்பீர்கள்."

"நிச்சயமாக."

"அதுதான் சொல்லவில்லை."

திருமதி புறுன்னர் ஒவ்வொரு பத்திரத்தையும் தானே திரும்பச் சரிபார்த்தார். எங்காவது ஒரு ஓட்டை இருந்தால் ரிஷானியின் வேலை போயிருக்கும். இருக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார், ஆங்கிலேயக் கோப்புகளை அவளிடமிருந்து எடுத்துவிட்டார். நீதிமன்றம் ஜோனை வாரிசாக ஏற்றது. இலையுதிர் காலத்தில் ஹாக்கெட் வீட்டைக் காலிசெய்து, கீழே பள்ளத்தாக்கில் முதியோர் குடியிருப்பு ஒன்றுக்குப் போனார்.

எழுபத்தெட்டு வயதுக் கிழவனை வீட்டைவிட்டு எழுப்பியிருக்கிறாய், பிறகு மனம் கிடந்து உறுத்தும் என்று அம்மா சொன்னாள். ரிஷானி காத்திருந்தாள். ஹாக்கெட்டை நினைத்து ஒன்றும் உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. தாயைத் தேடிப் போய் நாய்க்கடியோடு திரும்பிய ஒருத்தியின் பெயரைக் கண்டபோது, சந்தோஷத்தில் மேசையில் அடித்தோமே என்பது இடைக்கிடை வந்து குத்தியது.

தை மாதம் ஜோனிடமிருந்து ஒரு படம் வந்தது. வீட்டை விற்றதும் அவள் செய்த முதல் வேலை தாய்க்குப் புதிய கல் வைத்தது. கோயிலடியில், ஹாக்கெட் கல்லறைகளின் வரிசைக்கு நேர் எதிரே, பளபளக்கும் கறுப்புக் கல். ஐவி, பண்ணையின் எமிலி ஹாக்கெட்டின் மகள் என்று பெரிய எழுத்தில் வெட்டியிருந்தது. அந்த வரிசையில் கடைசியாக ஒரு வெறும் நிலம் இருக்கிறதாம். லெஸ்லிக்கென்று தகப்பன் எப்போதோ ஒதுக்கி வைத்தது. அம்மாவின் கல்லைப் பார்த்தபடிதான் அவன் படுக்கவேண்டும் என்று ஜோன் எழுதியிருந்தாள்.

ரிஷானி கைபேசியை அப்பாவிடம் நீட்டினாள். அவர் படத்தை விரலால் பெருப்பித்து, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"அவனுக்கு இது தெரியுமோ?"

"ஜோன் அவருக்கும் ஒரு படம் அனுப்பினவவாம்."

அப்பா சிரித்தார். நெஞ்சு குலுங்கச் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்தார். "ஞானேசு," என்று குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார், "அடுப்பை நூத்துப்போட்டு இஞ்ச ஓடி வா."