ஊற்று நின்ற பின்னேரம்

எங்கட உடப்பு ஊரில் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்புத் தண்ணீர். மேடு என்று சொல்ல மணல் திட்டிதான் இருக்கு. அங்கே பிறந்த நான் மண்சரிவு படிக்கப் போனதை அக்கா இன்றைக்கும் பகிடி பண்ணுவா. "இல்லாத மலைக்கு நீ காவல்" என்பா.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களில் நான் பல்கலைக்கழகத்தில் பீடாதிபதியானேன். மலைக்குப் போவது குறைந்தது. படிக்கிற பிள்ளைகளை அங்கே ஆய்வுக்கு அனுப்பக் கையெழுத்து வைப்பதே வேலையாகிப் போச்சு. ஆடித் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது, அப்படி அனுப்பிய ஒரு கூட்டம் மலைநாட்டில் நின்றது. அதில் அக்காவின் ஒரே மகளும் இருந்தாள். தீமிதிக்க நேர்ந்திருந்தவள், அங்கிருந்து நேரே அம்மாள் கோவிலுக்கு வரலாமென்று மஞ்சள் சீலையையும் கொண்டுபோயிருந்தாள்.

பின்னேரம் அவர்களோடு போன விரிவுரையாளர் போன் எடுத்தார். அவரும் கரையோரத்து ஆள், வேலைக்குப் புதியவர்.

"இங்க விடாத மழை மேடம். ஆனா நாங்க தங்கியிருக்கிற மண்டபத்துக்குப் பின்னால ஓடின ஊற்று நின்றிட்டுது. இனிப் பயமில்ல."

மழை கொட்டும்போது ஊற்று நின்றால், தண்ணீர் மலைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது என்று அர்த்தம்; மலை எந்த நேரமும் சரியலாம்.

"இப்பவே எல்லாரையும் எதிர்ப்பக்க மேட்டுக்கு ஏத்துங்க. சாமானைத் தொடவே கூடாது" என்று கத்தினேன்.

அடுத்த அழைப்பு வரும்வரை போனைக் கீழே வைக்கவில்லை. அக்கா பக்கத்தில் வந்து நின்றா. இந்த முறை பேசியது அவவின் மகள்.

"எல்லாரும் ஏறிட்டம் சித்தி. மலை சும்மாதான் நிக்குது. என்ர சீலைதான் உள்ளுக்குக் கிடக்கு."

அக்கா போனைப் பறித்தா. "நேர்ந்த சீலையை விட்டிட்டு வாறதா? ஓடிப் போய் எடுத்திட்டு வா."

"ஓம் அம்மா."

நான் திரும்பப் பறித்தேன். "போகாத, மடைச்சி. நில் அங்க."

"அம்மாளை விடப் பெரியவளோ நீ?" என்று அக்கா என்னைப் பிடித்து ஏசினா. போனில் பெரிய இரைச்சல் எழும்பியது. பிள்ளைகள் கத்திக் குழறினார்கள். பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டா. போனுக்குள் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. நானும் கூப்பிட்டேன். அக்கா அப்படியே நிலத்தில் குந்தி இருந்திட்டா.

"சித்தி," என்று மெல்லக் கேட்டது. "மண்டபம் இல்ல. அம்மாட்ட சொல்லுங்க, நான் போகல்ல."