தேசப்பன் ஸ்பீடு

தேசப்பன் வாயை மூடி நான் பார்த்தது என் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மற்ற நாட்களை எழுதினால் காகிதமும் தீர்ந்துபோகும், எனக்குக் கோபமும் வரும்.

எழுபத்து மூன்றில் நாங்கள் இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ஆலையில் வேலை பார்த்தோம். நான் ஃபிட்டர். அவன், பழுக்கக் காய்ச்சிய கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பி விடுகிறவன். உருளைகள் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆனால் தேசப்பன் குரல் கேட்கும். முந்தின நாள் தின்ற மீன் குழம்பில் ஆரம்பிப்பான். அங்கிருந்து மீன் விற்றவளுக்கு, அவளுடைய மருமகனுக்கு, மருமகன் வாங்கிய ஆட்டுக்கு என்று போய்க்கொண்டே இருப்பான். அவன் ஒரு கதையை முடித்து நான் கேட்டதே இல்லை. சூப்பர்வைசர் அவனை மூன்று இடம் மாற்றிப் பார்த்தார். போன இடத்திலெல்லாம் பக்கத்து ஆள் வந்து தனக்கு மாற்றல் கேட்டான்.

அவன் மனைவி கனகாம்பாள், வெங்கல் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஏழு வருஷம். அந்த வருஷம் சித்திரையில் ஒரு நாள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. "அவ அக்காவுக்குப் பிரசவம்" என்று இவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, பிரசவம் முடிகிற வழியாக இல்லை.

"இன்னாப்பா, அந்தப் பொம்பள யானையா பெத்துக்கினு கீறா?" என்று ஆலையில் எங்களோடு இருந்த முனுசாமி அண்ணன் ஒரு நாள் கேட்டேவிட்டார்.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரி பூவம்மாளிடம் கனகாம்பாள் சொல்லிவிட்டுத்தான் போனாள். வேலைக்குக் கிளம்பிய தேசப்பன் சட்டையை மாட்டும்போது காலரில் ஒரு தேள் இருந்திருக்கிறது. "யோவ், சட்டையில..." என்று அவள் ஆரம்பித்தாள். "சட்டைன்னதும் ஞாபகம் வருது" என்று இவன் பொன்னேரி டெய்லர் கதையை எடுத்துவிட்டான். பாவம், அவள் நான்கு முறை வாயைத் திறந்து பார்த்தாள். டெய்லர் கதை முடிவதற்குள் தேள் தன் வேலையை முடித்துவிட்டது. அதோடு விட்டானா? "தேளு இருந்தா சொல்ல மாட்டியா?" என்று அவள் மேலேயே பாய்ந்தான். அன்று சாயங்காலமே அவள் பஸ் ஏறிவிட்டாள்.

போகும்போது அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "நான் சொல்றத ஒரே ஒரு தபா முழுசா கேக்கட்டும்க்கா. நடுவுல வாயத் தொறக்கக் கூடாது. அப்படிக் கேட்டா வர்றேன்."

தேசப்பன் மூன்று தடவை வெங்கலுக்குப் போய் வந்தான். மூன்று தடவையும், இனிமேல் தான் எப்படி வாயே திறக்கப்போவதில்லை என்பதை இரண்டு இரண்டு மணி நேரம் விளக்கிவிட்டு வந்தான். "மூணாவது தபா கதவத் தொறக்கலண்ணே, ஜன்னல் வழியா வெளக்கினேன்" என்றான் என்னிடம். திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவனே, "ஊட்ல சோறு எறங்கலண்ணே. பேசினா செவுத்துல பட்டு எனக்கே திரும்பி வருது" என்றான். அடுத்த நிமிஷமே அந்தச் சுவரைப் பூசின கொத்தனார் கதையை ஆரம்பித்துவிட்டான், நான் எழுந்து போய்விட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் ஒன்பது பேர் திருத்தணிக்கு சைக்கிளில் போவது வழக்கம். பெரியபாளையம், வெங்கல், திருநின்றவூர், திருவள்ளூர் என்று சுற்றிக்கொண்டு போனால் அறுபது மைலுக்குக் குறையாது. முந்தின வருஷம் நாங்கள் போன லட்சணத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சின்னதுரை என்று ஒருவன், சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்ததிலிருந்து ஹேண்டில்பார் மேல் படுத்துக்கொண்டுதான் ஓட்டுவான். அவனும் இன்னும் இரண்டு பேரும் புளிசாத மூட்டையோடு முன்னால் பறந்துவிட்டார்கள். காற்றடிக்கிற பம்பு முனுசாமி அண்ணனிடம். அவருக்கு உடம்பு கனம், மூன்று மைல் பின்னால் வந்துகொண்டிருந்தார். நடுவில் தனியாக எனக்குப் பஞ்சர். பசியும் பஞ்சருமாக ஒரு புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் வருஷம் முழுக்க எனக்கு ஆறவில்லை.

அதனால் இந்த வருஷம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஆலை கேட் எதிரில் இருந்த டீக்கடையில் எல்லோரையும் உட்காரவைத்தேன். "எல்லாரும் ஒரே வேகத்துல போறதுன்னா வாங்க, இல்லாங்காட்டி அவனவன் பஸ்ல போங்க" என்றேன்.

"மணிக்குப் பதினஞ்சு மைலு" என்றான் சின்னதுரை.

"மணிக்கு ஒரு டீ" என்றார் முனுசாமி அண்ணன்.

தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு போகலாம் என்றான் ஒருவன். கம்பமே இல்லாத ரோட்டில் என்ன செய்வாய் என்று கேட்டான் இன்னொருவன். ஒரு பீடி தீர்வதற்குள் ஒரு மைல் என்று வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. யார் பீடி என்பதில் அது சண்டையாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் தேசப்பன், தன் மாமா வாங்கிய முதல் சைக்கிளைப் பற்றி யாரையும் கேட்காமல் சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"பேசாம இவன் வாய வெச்சிக்கலாம்யா! இவன் பேசிக்கினு வந்தா சரியான வேகம். பேச்சு நின்னா மூச்சு வாங்குதுன்னு அர்த்தம், எல்லாரும் கொறைச்சிக்கணும்" என்று கத்தினேன்.

நான் சொன்னது கிண்டலுக்கு. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. முனுசாமி அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டு, "இது கரீட்டா வருமே" என்றார். சின்னதுரை கூடத் தலையாட்டினான். தேசப்பன் எழுந்து நின்றுவிட்டான். பிறந்ததிலிருந்து அவனை எல்லோரும் நிறுத்தச் சொன்னவர்கள்தான். பேசச் சொல்லி ஒரு கூட்டம் கேட்டது அதுதான் முதல் தடவை, அவன் கண்ணே கலங்கிவிட்டது. தேசப்பன் ஸ்பீடு என்று அதற்கு அங்கேயே பேரும் வைத்தாயிற்று.

கேட்டால் நம்பமாட்டீர்கள், அது அருமையாக வேலை செய்தது. விடியலில் கிளம்பினோம். நடுவில் தேசப்பன், சுற்றி நாங்கள். கவரைப்பேட்டை தாண்டும்போது மாமாவின் சைக்கிள் கதை நடந்துகொண்டிருந்தது. எதிர்க்காற்று வந்தால் அவன் வார்த்தைகள் துண்டு துண்டாக வரும், உடனே "கொறைங்க, கொறைங்க" என்று குரல் போகும். சின்னதுரை முன்னால் துள்ளினால் கதை காதில் விழாது, அவனே பின்வாங்குவான். பெரியபாளையத்தில் இறங்கியபோது ஒன்பது பேரும் ஒன்றாக இருந்தோம். முனுசாமி அண்ணனுக்கு மூச்சே வாங்கவில்லை.

வெங்கலை நெருங்கும்போது பேச்சு சட்டென்று நின்றது. ஒப்பந்தப்படி வேகத்தைக் குறைத்தோம். பேச்சு வரவில்லை. இன்னும் குறைத்தோம். அப்போதும் வரவில்லை. சைக்கிள் நிற்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் ஆட ஆரம்பித்தது. முனுசாமி அண்ணன் தொப்பென்று சாலையோரம் விழுந்தார். திரும்பிப் பார்த்தால் தேசப்பன் வலது பக்கம் பிரிகிற தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போய்ப் பாத்துட்டு வாடா" என்றேன்.

"வாணாம்ணே. பாத்தா பேசிடுவேன். திரும்பி வர்றப்போ போலாம், அதுக்குள்ள கொஞ்சம் அடக்கிப் பழகிக்கிறேன்" என்றான்.

எங்கே அடக்குவது? அவனை ஒன்பது பேருக்கு மீட்டராக வைத்ததே நான்தான். திருவள்ளூர் வரைக்கும் பேசினான், திருத்தணி வரைக்கும் பேசினான். மலைப்படி ஏறும்போது கூட்டத்தோடு சேர்ந்து படிக்கு ஒரு அரோகரா போட்டான். மறுநாள் விடியலில் திரும்பக் கிளம்பியபோது அவன் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மாமா சைக்கிளின் செயின் அறுந்த இடத்தில் கதை நின்றுபோயிற்று. "செயின் இன்னாச்சுடா?" என்று சின்னதுரை தவித்தான். வேகம் தெரியாமல் நாங்கள் தடுமாற, தேசப்பனே கையைக் காட்டி ஒரு வழி சொன்னான். பேச்சுக்குப் பதிலாக அவன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தான். திருத்தணியிலிருந்து வெங்கல் வரைக்கும் வழியில் இருந்த மாடெல்லாம் மிரண்டு ஓடியது.

மத்தியானம் கனகாம்பாள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினோம். மணிச் சத்தம் கேட்டு அவளே வெளியே வந்தாள். தேசப்பன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்ல நான் ஒரு அடி முன்னே போனேன். முனுசாமி அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"யோவ், இன்னா ஒண்ணும் பேசாம கீற?" என்றாள் கனகாம்பாள்.

தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். எங்களுக்கு வேப்பமரத்தடியில் பாயும் மோரும் வந்தது. அவள் அம்மா எங்களையெல்லாம் விசாரித்துவிட்டு, மாப்பிள்ளை சாப்பிட மிளகு ரசம் வைக்கப் போனார். உள்ளிருந்து கனகாம்பாளின் குரல் வந்தது. முதலில் மெதுவாக வந்தது, அப்புறம் ஏறியது, நடுவில் அழுதது, ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தது. தேளில் தொடங்கி அவள் கல்யாணத்தன்று சொல்ல வந்து விட்டுப்போன விஷயம் வரைக்கும் போனாள். ஏழு வருஷத்துப் பாக்கி. முக்கால் மணி நேரம் கழித்து, போன ஐப்பசியில் கரு கலைந்தபோது தன் மனசு என்ன பாடுபட்டது என்று சொன்னாள். அது எங்கள் யாருக்கும் தெரியாது. தேசப்பனுக்கும் அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன். நாங்கள் எல்லோரும் மோரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தோம்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவள் துணிப்பையோடு வெளியே வந்தாள். பஸ்ஸில் அனுப்பலாம் என்றேன். "இல்லண்ணா, கேரியர்லயே வர்றேன். இன்னும் கொஞ்சம் கீது" என்றாள்.

கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு ஏறிக்கொண்டாள். தேசப்பன் மிதித்தான், அவள் பேசினாள். மிதிக்கிறவன் பேசாதபோது ஒப்பந்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குள் ஒரு குழப்பம் வந்தது. தேசப்பன் பேச்சு நின்றால் குறைக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஆகவே குறைத்தோம். நத்தை எங்களை முந்தியிருக்கும். ஆச்சரியம் என்னவென்றால் சின்னதுரை அவளுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். "அப்புறம் இன்னாச்சு அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவள் ஒவ்வொரு கதையையும் ஒழுங்காக முடித்தாள். மாமா சைக்கிளின் செயின் கதையைக்கூட அவள்தான் முடித்தாள்.

பெரியபாளையத்தில் சுக்குக் காப்பிக்கு இறங்கினோம். கனகாம்பாள் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். தேசப்பன் என் பக்கத்தில் நின்று ஒரு வாய் குடித்தான்.

"அப்பா, சூடு!" என்றான்.

குரல் கணீரென்று இருந்தது. நான் திரும்பினேன். அவன் சட்டென்று வாய்மேல் விரலை வைத்தான்.

"அடப்பாவி! எப்பலேர்ந்துடா?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாமியார் ஊத்துன ரசம் எறங்குனவுடனே வந்துடுச்சுண்ணே."

சாப்பாடு நடந்தது அவள் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரு கலைந்த விஷயத்தை அவள் சொன்னபோதே இவனுக்குக் குரல் இருந்திருக்கிறது.

"அப்புறம் இன்னாத்துக்கு இன்னும் ஊமை மாதிரி வந்துகினு கீற?"

தேசப்பன் பெஞ்சுப் பக்கம் பார்த்தான். அங்கே கனகாம்பாள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ இன்னும் முடிக்கலண்ணே" என்றான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி ஏறி மிதித்தோம், அதே வேகத்தில். கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்து வெகு நேரமாகியிருந்தது. ஒருவரும் கோபப்படவில்லை, நான் உட்பட.